ஏழாம் அத்தியாயம்: மேசையைச் சுற்றி உட்காரும் நாலு பேர்

பகடை, வரைபடம், கேரக்டர் ஷீட், விதிப் புத்தகம் எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் ஆயிற்று. இனிமேல்தான் கஷ்டமான பகுதி: மேசையைச் சுற்றி உட்காரப்போகிற ஆட்கள்.

ரோல் பிளேயிங் குழுக்கள் டிராகன் கக்கும் தீயில் சாவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை யார் கடைசி நிமிடத்தில் தள்ளிப்போட்டார், யார் வாராவாரம் டீ போட்டுக் களைத்தார், யார் பேச ஆரம்பித்தால் அடுத்தவருக்கு வாய்ப்பே தரமாட்டார் என்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான் சாகின்றன. ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் மனத்தாங்கலை வெளியே, நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து, கேரக்டரை ஏவிவிட்டுத் தீர்க்கப் பார்த்தால் ஆட்டமும் போகும், சிநேகிதமும் போகும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் வெவ்வேறு இடத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம்.

யாரைக் கூப்பிடுவது

கேம் மாஸ்டர் ஒருவர், ஆடுபவர்கள் நாலு பேர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். ஆறு பேர் ஆனால் ஒரு சண்டைக் காட்சியில் தன் முறை வருவதற்குள் ஆள் போனை எடுத்துவிடுவார்.

அந்த நாலு பேரும் உங்கள் உயிர் நண்பர்களாகத்தான் இருக்க வேண்டுமா? அவசியமில்லை. மைக்கேல் சுலேவன் வில்சன் என்பவர் 2003-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த வட்டாரத்தில் பிரபலம். இத்தகைய பொழுதுபோக்குக் கூட்டங்கள் நட்பைப் பற்றி வைத்திருக்கும் ஐந்து தப்பான நம்பிக்கைகளை அவர் வரிசைப்படுத்தினார். என் நண்பர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் நண்பர்களாகிவிடுவார்கள் என்பது ஒன்று. நண்பர்கள் என்றால் எதையும் சேர்ந்தேதான் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டும்தான் மேசைக்கு எமன். காலேஜ் நண்பர் ஒருவர், ஆபீஸ் நண்பர் ஒருவர், சித்தப்பா பையன் ஒருவன் என்று சேர்த்துவிட்டு, உங்களுக்குப் பிடித்தவர்கள் என்பதாலேயே அவர்களுக்குள் ஒத்துப்போகும் என்று நம்பிவிடுவீர்கள். ஒத்துப்போகாது. குறைந்தது, உடனே ஒத்துப்போகாது.

எனவே நீண்ட கேம்பெயினுக்கு யாரையும் நேராகக் கூப்பிடாதீர்கள். ஒரே மாலையில் முடிகிற ஒரு கதையை முதலில் ஆடுங்கள். யார் யாருடைய நகைச்சுவைக்குச் சிரிக்கிறார், யார் தோற்றால் முகம் சுருங்குகிறது என்பது மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் "நல்லா இருந்துச்சு, பார்க்கலாம்" என்று பிரிந்துவிடலாம். யாருக்கும் அவமானமில்லை.

வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கும் ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். அவரை இழுத்துப் பேசவைக்கத் துடிக்காதீர்கள். ராபின் லாஸ் 2002-ல் கேம் மாஸ்டர்களுக்காக எழுதிய சிறு நூலில் ஆடுபவர்களை ஏழு வகையாகப் பிரித்தார். சண்டைக்கு அலைபவர், திட்டம் போடுபவர், நடிக்க வந்தவர் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி ஆள், நண்பர்கள் வருகிறார்கள் என்பதற்காகவே வருபவர். அப்படிப்பட்டவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, குழுவின் சூட்டைத் தணிப்பவரே அவர்தான் என்பது லாஸின் கட்சி. என் கட்சியும் அதுதான். அவரிடம் "நீ என்ன பண்ணப்போற?" என்று கேட்டால் திணறுவார். "உன் ஆளு இப்ப எங்க நிக்கிறான்? கதவுகிட்டயா, தீ பக்கத்துலயா?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும். பேச விருப்பம் இருந்தால் மேலே அவரே தொடர்வார்.

முதல் நாள் ஆட வேண்டாம்

ஆட்டக்காரர்கள் செஷன் ஜீரோ என்பார்கள். பகடை உருட்டாத சந்திப்பு அது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனமே 2020-ல் கொண்டுவந்த ஒரு துணைப் புத்தகத்தில் இதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியது. ஆடத் துடிக்கும் நாலு பேரை உட்காரவைத்துப் பேசுவது சுலபமில்லை. ஆனாலும் செய்யுங்கள்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்கு முடிவு, போன் மேசையில் இருக்கலாமா, சாப்பாட்டுச் செலவு எப்படி என்பதெல்லாம் பத்து நிமிட வேலை. புத்தகம் வாங்கும் செலவைப் பற்றி ஒரு வார்த்தை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காசு போட்டுப் புத்தகம் வாங்கியவர் அதைச் சொல்லிக்காட்டும் நிலைமை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டியது, கதைக்குள் எது வரக்கூடாது என்பதை. ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2003-ல் ஒரு முறையை முன்வைத்தார். சில விஷயங்கள் கதையில் வரவே கூடாது, அவை கோடு. சில விஷயங்கள் நடக்கலாம், ஆனால் காட்சியாக விவரிக்கக்கூடாது, அவை திரை. குழந்தைக்கு ஆபத்து வருவது ஒருவருக்குக் கோடாக இருக்கலாம், சித்திரவதை இன்னொருவருக்குத் திரையாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பறிகொடுத்து ஆறு மாதம் ஆன ஒருவர், நோயில் சாகும் அரசனைப் பற்றிய கதையை ஆட விரும்பாமல் போகலாம். அந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

நம் ஊர் மேசையில் ஒரு சிக்கல் உண்டு. குழுவில் ஒருவர் ஆபீஸில் சீனியர், இன்னொருவர் எல்லாருக்கும் "அண்ணா". அவர்கள் முன்னால் "எனக்கு இது வேண்டாம்" என்று வாயைத் திறந்து சொல்ல இளையவர்களுக்குக் கூச்சம். அதனால் கேட்காதீர்கள், எழுதவையுங்கள். ஒரே நிறத்தாளில் கிழித்த சீட்டுகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி பேனா. எழுத ஒன்றும் இல்லாதவரும் ஏதாவது ஒரு வரி எழுதி ஒரு டப்பாவில் போட வேண்டும். கேம் மாஸ்டர் பிரித்து, யார் எழுதியது என்று ஊகிக்காமல், படித்துக் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான். ஆட்டம் நடக்கும்போதே நிறுத்த ஒரு வழியும் வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு அட்டையில் எக்ஸ் என்று எழுதி நடுவில் வைத்துவிடுவார்கள். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும் அல்லது மாறும், ஏன் என்று கேட்கக்கூடாது. முதல் நாளே கேம் மாஸ்டர் ஒரு சாதாரண விஷயத்துக்காகத் தானே அதை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் போகும்.

நீ, நீங்க பிரச்சினையையும் அன்றே தீர்த்துவிடுங்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் அரசனாக ஆடுகிறான், நாற்பது வயது மேனேஜர் அவனுடைய குதிரைக்காரன். "நீங்க குதிரையைக் கொண்டு வாங்க சார்" என்று அரசன் கெஞ்சினால் கதை எங்கே நிற்கும்? ஆட்டத்துக்குள் கேரக்டரின் மரியாதைதான் மரியாதை என்று ஒரு வரியில் முடிவு செய்யுங்கள். இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. "வாடா" என்றால் அரசன் பேசுகிறான், "வாங்க" என்றால் பையன் பேசுகிறான் என்று யாரும் கேட்காமலே புரியும். ஆங்கிலத்தில் ஆடும் குழுக்களுக்கு இந்த வசதி கிடையாது.

கடைசியாக, கேரக்டர்களை அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து உருவாக்க விடாதீர்கள். தனியாக உருவாக்கினால் நாலு பேரும் நாலு அநாதை வீரர்களைக் கொண்டுவருவார்கள், எவனுக்கும் எவனோடும் சேர்ந்து போகக் காரணம் இருக்காது. ஃபேட் என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு பழைய சாகசம் எழுதியபின், மற்ற இரண்டு பேரின் சாகசங்களில் தன் கேரக்டருக்கு என்ன பங்கு இருந்தது என்றும் எழுத வேண்டும். 2009-ல் வந்த ஃபியாஸ்கோவில் கேம் மாஸ்டரே கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு என்ன உறவு என்பதைத்தான் முதலில் முடிவு செய்வார்கள். நீங்கள் எந்த ஆட்டத்தை ஆடினாலும் இதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். வலது பக்கம் இருப்பவரின் கேரக்டர் உங்கள் கேரக்டரை எதிலிருந்து காப்பாற்றியது? இடது பக்கம் இருப்பவரின் கேரக்டருக்கு உங்கள் கேரக்டர் என்ன பாக்கி? இந்த இரண்டு கேள்வி போதும்.

"என் கேரக்டர் அப்படித்தான்"

இந்த வாக்கியம் உங்கள் மேசையில் ஒருநாள் ஒலிக்கும். ஒலிக்கும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

பாழடைந்த கோயில். சிலையின் கண்ணில் ஒரு சிவப்புக் கல். திருடனாக ஆடுபவன் ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதி கேம் மாஸ்டரிடம் தள்ளுகிறான். கேம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். மூன்று ஞாயிறு கழித்து, கடைத்தெருவில் அந்தக் கல்லை விற்கும்போது குட்டு உடைகிறது.

"டேய், கல்லு உன்கிட்டயா இருந்துச்சு?"

"என் கேரக்டர் திருடன்டா. திருடாம பூஜையா பண்ணுவான்?"

பூசாரியாக ஆடுபவள் சிரிக்கவில்லை. "போன வாரம் என்கிட்ட இருந்த கடைசி மருந்தை உனக்குத்தான்டா ஊத்தினேன்."

கவனியுங்கள். மருந்தை ஊற்றியது பூசாரி, குடித்தது திருடன். அவள் வாயில் வருவதோ நான், உனக்கு. கேரக்டரின் உணர்ச்சி ஆடுபவருக்குள்ளும் ஆடுபவரின் உணர்ச்சி கேரக்டருக்குள்ளும் கசிவதை இந்தத் துறையில் பிளீட் என்கிறார்கள். எமிலி கேர் பாஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2007-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது. கசிவது தப்பில்லை. கசிவுக்காகத்தான் பாதிப் பேர் ஆட வருகிறார்கள். கசிந்தது தெரியாமல் ஆட்டத்தைத் தொடர்வதுதான் தப்பு.

தொடர்ந்தால் என்ன ஆகும்? அடுத்த சண்டையில் திருடன் அடிபட்டு விழுவான், பூசாரிக்கு "மந்திரம் மறந்துபோகும்". திருடன் அதற்குப் பழிவாங்குவான். கேம் மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருடன் தலையில் ஒரு பாறையை உருட்டிவிட்டு, பகடை செய்த வேலை என்பார். யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த இடத்திலேயே பகடையைக் கீழே வைத்துவிட்டு கேம் மாஸ்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது கதையில நடக்கிற சண்டையா, நமக்குள்ள நடக்கிற சண்டையா?" கதையில் என்றால் ரொம்ப நல்லது, ரசித்து ஆடுங்கள். நமக்குள் என்றால் டீ போடுங்கள், அதைப் பேசி முடித்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புங்கள். கேம் மாஸ்டரும் இதில் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டியவர். அந்தத் துண்டுச் சீட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கியவர் அவர்தானே.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்பவருக்குப் பதில்: அந்தக் கேரக்டரை எழுதியதே நீதான். ஊரையே கொள்ளையடித்தாலும் தன் உயிரைக் காப்பாற்றியவர்களிடம் கை வைக்காத திருடனை ஆடலாமே. அவன் இன்னும் சுவாரஸ்யமான திருடன்.

கேம் மாஸ்டர் என்கிற சம்பளமில்லாத வேலை

மற்ற நாலு பேர் சாயங்காலம் கை வீசிக்கொண்டு வருவார்கள். கேம் மாஸ்டர் அந்த வாரம் முழுக்க இரவில் உட்கார்ந்து வரைபடம் போட்டிருப்பார். வீடும் அவருடையது என்றால் டீ, பிஸ்கட், பாத்திரம் கழுவுவதும் அவர் தலையில். அவர் ஒரு நாள் திடீரென்று "எனக்கு வேலை அதிகம், இனிமே முடியாது" என்பார். வேலை அதிகமானதால் சொல்லியிருக்கமாட்டார்.

வீட்டையும் கேம் மாஸ்டரையும் பிரித்துவிடுங்கள். ஒருவர் நடத்தினால் இன்னொருவர் வீட்டில் ஆடுங்கள். நடந்த கதையைக் குறித்துவைக்க ஒருவர், விதியில் சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்ட ஒருவர், அடுத்த சந்திப்பை நினைவூட்ட ஒருவர். ஒரு கதைப்பகுதி முடிந்ததும் வேறொருவர் இரண்டு வாரம் சின்னக் கதை ஒன்றை நடத்தட்டும். அவர் சுமாராகத்தான் நடத்துவார். பரவாயில்லை, அதற்கப்புறம் கேம் மாஸ்டரைக் குறை சொல்வது நிச்சயம் குறையும்.

கிரிட்டிகல் ரோல் என்ற இணைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து நம் கேம் மாஸ்டரை அதன் கேம் மாஸ்டர் மேட் மெர்சரோடு ஒப்பிடாதீர்கள். அவர்கள் குரல் நடிகர்கள், அதுதான் பிழைப்பு. அந்தக் குழுவும், நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்காக வீட்டில் ஆடிய ஒரு நாள் ஆட்டத்தில்தான் தொடங்கியது. கேமரா வந்தது 2015-ல்.

தேதி

வாட்ஸாப்பில் "இந்த வாரம் யாருக்கெல்லாம் வசதி?" என்று கேட்கும் குழு மூன்று மாதம் தாண்டாது. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவர் பார்த்துவிட்டுப் பதில் போடமாட்டார், சனிக்கிழமை ராத்திரி ஒருவருக்குக் கல்யாணம் ஞாபகம் வரும். கிழமையை நிரந்தரமாக வைத்துவிட்டு, மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வராதவரின் கேரக்டர் அன்று குதிரைகளுக்குக் காவல் இருக்கட்டும். வராததற்கு விளக்கம் கேட்காதீர்கள், குத்தலாகவும் பேசாதீர்கள். வராதவர் இல்லாமல் ஆட்டம் நடந்தது என்ற செய்தியே அடுத்த வாரம் அவரைக் கூட்டிவந்துவிடும்.

எவ்வளவு முயன்றாலும் நாலு பேர் நேரம் ஒத்துவராதவர்களுக்கு பென் ராபின்ஸ் என்ற கேம் மாஸ்டர் செய்த ஏற்பாடு இருக்கிறது. அவருடைய வெஸ்ட் மார்ச்சஸ் ஆட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட பெரிய கூட்டம். நிலையான நாளும் இல்லை, நிலையான அணியும் இல்லை. எங்கே போக வேண்டும், யார் யார் போவது என்று ஆடுபவர்களே பேசி முடித்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்வார்கள். தேதி பிடிக்கும் தலைவலி கேம் மாஸ்டரை விட்டு ஆடுபவர்களுக்குப் போய்விட்டது. மனுஷன் கெட்டிக்காரர்.

சேர்ந்து உருவாக்கியது யாருடையது

இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே ஒரு நட்புக் கதை இருக்கிறது, நல்ல முடிவு இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1969-ல், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் நடந்த ஜென் கான் ஆட்டத் திருவிழாவில் சந்தித்தார்கள். மினசோட்டாவில் தன் நண்பர்களுக்காக பிளாக்மூர் என்ற கற்பனை நிலத்தை உருவாக்கி நடத்திக்கொண்டிருந்த ஆர்னசன், அதை லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுவந்து கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அதை விதிகளாக எழுதினார். 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆயிரம் பெட்டிகளாக வெளியானபோது இரண்டு பேர் பெயரும் அதில் இருந்தது. பிறகு கைகாக்ஸ் தன் பெயரில் மட்டும் விரிவான பதிப்பைக் கொண்டுவந்தார். ராயல்டி கேட்டு ஆர்னசன் 1979-ல் வழக்குப் போட்டார், 1981-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆயிற்று. ஒருவர் கற்பனை, இன்னொருவர் உழைப்பு. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆரம்பத்தில் இருவருமே தெளிவாகப் பேசிக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் கனடாவின் ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸல்மாண்டும். தொல்லியல் படித்த இந்த இரண்டு பேர் 1980-களில் தாங்கள் ஆடுவதற்காக மலாசான் என்ற உலகத்தை உருவாக்கினார்கள். எரிக்சனின் முதல் மலாசான் நாவல் 1999-ல் வந்தது, அதை எஸல்மாண்டுக்கே காணிக்கையாக்கியிருந்தார். பின்னால் எஸல்மாண்டும் அதே உலகத்தில் நாவல்கள் எழுதினார். ஒரே நிலம், இரண்டு பேர் உழவு, வரப்புத் தகராறு வெளியே வந்ததில்லை.

உங்கள் மேசைக்கு இது எதற்கு? உங்கள் ஆட்டத்தை யாராவது ஒருவர் பாட்காஸ்ட் ஆக்கலாம், கதையாக எழுதலாம் என்று ஒருநாள் சொல்வார். அன்றைக்கே எல்லாருடைய சம்மதத்தையும் கேளுங்கள். பணம் வந்த பிறகு கேட்பது சம்மதம் ஆகாது.

போகச் சொல்வது

எல்லாம் செய்தும் ஒருவர் ஒத்துவராமல் போகலாம். மோசமானவர் என்றில்லை. மற்ற நாலு பேருக்கு அரண்மனைச் சதி பிடிக்கும், அவருக்குச் சண்டைதான் பிடிக்கும், ஒவ்வொரு வாரமும் தூதரை வெட்டிவிடுவார். முதலில் ஒருமுறை தனியாகச் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் மாறவில்லையென்றால் பிரிவதுதான் வழி.

எப்படிப் பிரியக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கேரக்டரைச் சாகடித்து விரட்டாதீர்கள், அவர் அடுத்த வாரம் புதுக் கேரக்டரோடு வருவார். அவர் இல்லாமல் இன்னொரு வாட்ஸாப் குழு தொடங்காதீர்கள், எப்படியும் தெரிந்துவிடும். "கொஞ்ச நாள் ஆட்டம் இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். இந்த மூன்றும் தைரியமில்லாத நல்லவர்கள் செய்கிற காரியம். இதனால்தான் பத்து வருஷ நட்பெல்லாம் முறிகிறது.

ஒரே ஒருவர் போக வேண்டும், அவரோடு நெருக்கமானவர். கூட்டமாகப் போய்ச் சொன்னால் பஞ்சாயத்து ஆகிவிடும். நேரில் முடியாவிட்டால் போனில் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி சொல்லாதீர்கள். "எல்லாரும் சொல்றாங்க" என்ற வார்த்தையைத் தொடாதீர்கள். "நாங்க ஆடுற ஆட்டமும் நீ ஆட நினைக்கிற ஆட்டமும் வேற வேறயா இருக்குடா. இந்தக் கேம்பெயின்ல நீ வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படுவார், படட்டும். அன்றே சமாதானம் தேடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றுக்குக் கூப்பிடுங்கள், சினிமாவுக்கோ கிரிக்கெட்டுக்கோ. முதல் தடவை வரமாட்டார். இரண்டாம் தடவையும் கூப்பிடுங்கள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு. மேசையில் யாரையாவது மிரட்டுபவர், ஒரு பெண்ணின் கேரக்டரைச் சாக்காக வைத்து அவளிடமே அத்துமீறுபவர் என்றால் மேலே சொன்ன நளினம் எதுவும் வேண்டாம். அன்றே, அந்த நிமிடமே வெளியே. "நம்ம பையன்தான், விளையாட்டுக்குச் சொன்னான்" என்று அவருக்காகப் பேச வருகிறவரோடும் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

போகச் சொல்லும் அளவுக்கு மனக்கசப்பு வளராமல் தடுக்க ஒன்று: காதலர்கள், கணவன் மனைவி ஒரே குழுவில் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். கேம் மாஸ்டரின் துணை ஆடுகிறார் என்றால் புதையலைப் பங்கிடும் பகடையை எல்லார் முன்னாலும் உருட்டுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் மாறிப் போகிறவர்

வேலை கிடைத்து ஒருவர் பெங்களூரு போவார், இன்னொருவர் டொராண்டோ. இதுவரை சொன்னதையெல்லாம் தாண்டி நிலைத்த குழுவின் முடிவு பெரும்பாலும் இப்படித்தான் வரும், சண்டையால் இல்லை. ஆன்லைனில் தொடரலாம். ஆனால் நாலு மணி நேர ஆட்டத்தை இரண்டரை மணி நேரமாகச் சுருக்குங்கள், திரையில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் பேச முடியாது. நேர வித்தியாசம் அதிகமானால் அவருடைய கேரக்டரை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு அலையாமல் ஒரு நல்ல காட்சி வைத்து வழியனுப்புங்கள். அந்தக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். கேரக்டர் ஷீட்டை மட்டும் தூக்கி எறியாமல் கேம் மாஸ்டர் பைலில் வைத்திருக்க வேண்டும். பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ அவர் ஊருக்கு வரும்போது ஒரு ராத்திரி ஆட்டம் போட அது வேண்டும். எந்த லெவலில் விட்டுப் போனார் என்று அவருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்காது.